எந்த எஞ்சினைக் காப்பது?

களுதாவளைக்குப் புகையிரதப் பாதை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே எழுவான்கரை என்று நாங்கள் சொல்லும் மணற்றரை, அதன் நெடுக்கே கல்முனைக்குப் போகும் வீதி. மாகோவிலிருந்து காடும் குளமும் கடந்து 1928இல் மட்டக்களப்பை வந்தடைந்த தண்டவாளம் அந்த நகரத்தோடு களைத்து நின்றுவிட்டது. அதைத் தெற்கே பொத்துவில் வரை நீட்டுவது பற்றிய பேச்சு அவ்வப்போது தளிர்விடும். பின்னர் வெயிலில் கருகிப்போகும். எங்கள் ஊர்ப் பிள்ளையொன்று கோச்சியைக் கண்ணாற் காணவேண்டுமானால், ஏறக்குறைய 25 கிலோமீற்றர் பஸ்ஸில் சென்று, கல்லடிப் பாலத்தையும் தாண்டவேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பழைய எஞ்சின்களுள் எவற்றைப் பேணுவது, எவற்றைப் பழைய இரும்புக்கு விடுவது என்ற விவகாரத்தில் நான் மூக்கை நுழைப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் எனக்கு இதில் பேச இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, என் பெரிய மாமா. மற்றது, 2017இல் ஒரு வகுப்பறைக் கரும்பலகையில் எழுதப்பட்டு, பலகையிலிருந்து அழிந்த பின்னும் என் மனத்திலிருந்து அழியாத சில வரிகள்.

பெரிய மாமா என் தாயின் மூத்த சகோதரர். 1946இல் புகையிரதப் பகுதியில் எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்து, பின்னர் பயர்மன் ஆனவர். நீராவி எஞ்சின் காலத்தில் பயர்மன் என்ற சொல்லுக்கு இன்று விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. எஞ்சினை ஓட்டுபவர் சாரதி. அது ஓடுவதற்கான ஆவியை உண்டாக்குபவர் பயர்மன். தெண்டரில் குவித்திருக்கும் நிலக்கரியைச் சவளால் அள்ளி, எரியறையின் வாயைக் கணப்பொழுது திறந்து, உள்ளே மூலைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் விழும்படி வீசவேண்டும். குவியலாகக் கொட்டினால் தீ மூச்சடைத்துக் கரும்புகை கக்கும். இடைவெளி விட்டால் குளிர்காற்று புகுந்து ஆவி இறங்கும். கொதிகலத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. நீர்மட்டம் எரியறையின் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால், கூரையிற் பொருத்திய ஈயச் செருகி உருகி, ஆவி பீறிட்டு உள்ளே பாயும். அதுவும் பிழைத்தால் கொதிகலமே வெடிக்கும். இவ்வளவும் ஆடிக் குலுங்கும் இரும்புத் தட்டின்மேல், முன்னே நெருப்பும் பின்னே இரவுக் காற்றுமாக, புணானைக் காட்டில் யானை குறுக்கே நிற்குமோ என்ற பயத்தோடு செய்யவேண்டிய வேலை. மாமாவின் வலக்கை முழங்கைவரை மயிரற்று, சுட்ட கத்தரிக்காயின் தோல்போலச் சுருங்கியிருக்கும். அவருக்கு இடக்காது கேளாது. சிறுவனாக இருந்தபோது நான் எப்போதும் அவருடைய வலப்பக்கத்தில் நடந்தேன்.

1966இல், எனக்கு எட்டு வயதில், அவர் என்னை மட்டக்களப்பு நிலையத்துக்கு அழைத்துப் போய் ஓர் எஞ்சினின் மேலே தூக்கி நிறுத்தினார். முன்னே நாலு சிறு சக்கரம், அதன் பின்னே ஆறு பெருஞ்சக்கரம். எரியறை வாயைத் திறந்து காட்டினார். அந்தச் செம்மை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. "பாத்தியா மனே, இந்த வயிறு எவ்வளவு போட்டாலும் நிரம்பாது" என்றார். அன்று எங்கள் தோட்டத்து வெற்றிலைக் கூடைகளும் அதே கோச்சியிற் கொழும்புக்குப் போயின. எங்கள் வீட்டு அடுப்பெரிந்தது மாமா எரித்த அந்த அடுப்பினால்தான் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது.

இனிக் கரும்பலகைக்கு வருகிறேன்.

நான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு, உயர்தர வகுப்பு மாணவர் முப்பதுக்கு மேற்பட்டோரைக் கடுகண்ணாவையிலுள்ள தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். இலங்கையில் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014இன் கடைசியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. மட்டக்களப்பில் இரவுக் கோச்சி ஏறி, பொல்காவலையில் விடியற்காலையில் இறங்கி, கண்டிக்குப் போகும் கோச்சிக்கு மாறினோம். பிள்ளைகளுட் பாதிப் பேருக்கு அதுவே முதற் புகையிரதப் பயணம். றம்புக்கனைக்கு அப்பால் நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி ஏறும் அந்த மலைச்சரிவில், எஞ்சின் முக்கி முனகி வளைந்து ஏறியபோது, கீழே விழுந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணலைத் தவிர வேறு மேடு அறியாத ஊரவர் நாங்கள்.

அருங்காட்சியகத்தில் எஞ்சின்கள் வரிசையாக நின்றன. வர்ணம் பூசி, பித்தளை துலக்கி, சக்கரங்களுக்கு வெள்ளைக் கரை இட்டிருந்தார்கள். களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதையில், 762 மில்லிமீற்றர் மட்டுமே அகலமான தண்டவாளத்தில், ரப்பரும் தேயிலையும் இழுத்த சிறிய எஞ்சினும் நின்றது. டீசல் எஞ்சின்களும் நின்றன. பிள்ளைகள் ஏறி, இறங்கி, மணி அடித்து, படம் எடுத்து முடிந்தபின், நல்ல கேள்வி எப்போதும் வருவதுபோல, கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது:

"சேர், இதுகளை ஆர் தெரிஞ்செடுத்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். "நாட்டிலே ஓடிய எஞ்சின்கள் எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால், நீங்கள் எதைக் காப்பாற்றுவீர்கள்? ஏன்?" ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன்.

இக்கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதன்று. நீராவி எஞ்சினைப் பெற்றெடுத்த பிரித்தானியாவே இதில் திணறியிருக்கிறது. அங்கே நீராவி எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் உடைபடத் தொடங்கியபோது, பேணத்தக்கவை எவை என்று நிபுணர் குழு ஆராய்ந்தது. 1961இல் பட்டியலும் வெளிவந்தது. எந்த வகையின் கடைசி எஞ்சின், எது வேகத்தில் முதலாவது, எந்தப் பொறியியலாளரின் திறமைக்கு எது சான்று என்றெல்லாம் அளந்து பார்த்தார்கள். தவறான அளவுகோல்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்ற எஞ்சின் இல்லை. 1963இல் ஒரு தனிமனிதர் மூவாயிரம் பவுணுக்கு அதை வாங்கிக் காப்பாற்றினார். இன்று உலகத்திலேயே மிகப் பிரசித்தி பெற்ற நீராவி எஞ்சின் எது என்று கேட்டால் பெரும்பாலோர் அதன் பெயரைத்தான் சொல்வார்கள். வேல்ஸில் பரி என்ற துறைமுகப் பட்டினத்தின் பழைய இரும்பு முற்றத்துக்கு உடைப்பதற்காக வந்த எஞ்சின்கள் 297. அவற்றுள் 213ஐச் சாதாரண மக்கள் சங்கம் அமைத்து, உண்டியல் குலுக்கி, துருப்பிடித்த நிலையிலேயே விலைகொடுத்து மீட்டார்கள். நிபுணர் அளவுகோல் ஒருபுறம். மக்களின் ஆசை மறுபுறம். இரண்டும் ஒரே எஞ்சினைச் சுட்டவில்லை.

இந்தியாவின் கதை வேறுவகை. அங்கே மிகப் பழைமை என்று போற்றப்படுவது 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட 'பெயரி குயீன்'. அதன் காலத்துத் தோழியான 'எக்ஸ்பிரஸ்' என்ற எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிற்சாலையினர் 2010இல் மீண்டும் ஓடவைத்தார்கள்; தமிழ்த் தொழிலாளரின் கைத்திறனுக்கு அது ஒரு சான்று. பெயரி குயீன் 1857 கிளர்ச்சியை அடக்கப் படைவீரரை ஏற்றிச் சென்ற எஞ்சின் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அப்படியானால் அதை உருக்கிவிடுவதா? கூடாது. ஆனால் தேவதை அரசி என்ற பெயர்ப்பலகையின் பக்கத்தில் இதையும் எழுதிவைக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வாரம் கழிந்தது. விடைகள் வந்தன. பெரும்பாலானவை நான் எதிர்பார்த்தவை: மிகப் பழையது, மிகப் பெரியது, மிக அழகானது. அவற்றை விட்டுவிடுகிறேன். மூன்று விடைகள் மட்டும் என்னை உலுக்கின.

முதலாவது விடை எனக்குக் கோபமூட்டியது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவன் 'சேர் தோமஸ் மெயிற்லன்ட்' என்று எழுதியிருந்தான். 1928இல் மஞ்செஸ்ரரில் செய்யப்பட்ட 251ஆம் இலக்க எஞ்சின் அது. பீ 1 என்ற அதன் வகுப்பு எஞ்சின்களுக்கு ஆங்கிலேய ஆள்பதிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். மெயிற்லன்ட் 1805இலிருந்து 1811வரை இந்நாட்டை ஆண்டவர். அவருக்கு முந்திய பிரெடரிக் நோத்தின் பெயரிலும் ஓர் எஞ்சின் பிழைத்திருக்கிறது. 1986 முதல் இந்த எஞ்சின்கள் 'வைஸ்ராய்' என்ற பெயர்கொண்ட விசேட வண்டியை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்காக இழுத்தன. இலங்கையை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இங்கே ஆள்பதிகள்தாம் இருந்தார்கள். வைஸ்ராய் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இல்லாத எசமானுக்கும் பெயர்ப்பலகை எழுதும் நாடு நமது நாடு!

வகுப்பிலே நான் கடுமையாகப் பேசினேன். 1947 பொதுவேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவ்வாண்டு ஜூன் 5 அன்று கொழும்பில் ஊர்வலமாகச் சென்ற அரசாங்க ஊழியர்மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் இறந்தார். அந்த வேலைநிறுத்தத்தில் என் பெரிய மாமா வேலைக்குச் சேர்ந்து ஓராண்டேயான துடைப்பாளராகக் கலந்துகொண்டவர். "மெயிற்லன்டின் பெயரில் எஞ்சின் இருக்கிறது. கந்தசாமியின் பெயரில் ஏன் ஒன்று இல்லை?" என்று கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று. அந்த மாணவன் தலைகுனிந்து, ஆனால் தெளிவாகச் சொன்னான்: "சேர், நான் பேருக்காக எழுதல்ல. மற்றதெல்லாம் நிக்கிது. அது ஓடக்கூடியது. ஓடுற எஞ்சின் இருந்தால்தானே ஓட்டத் தெரிஞ்ச ஆக்களும் இருப்பாங்க?"

நான் வாயடைத்துப் போனேன். ஏனெனில் இதையே, வேறு சொற்களில், என் மாமா எனக்குச் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளில் ஒருநாள் பத்திரிகையில் அந்த எஞ்சினின் படத்தைப் பார்த்துவிட்டு நான் ஏகாதிபத்தியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "இருநூற்றி ஐம்பத்தொண்டு" என்றார். பெயரை அவர் வாசிக்கவே இல்லை. "நாங்க ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டம் மனே. நம்பர்தான். இஞ்ச பார், ஆவி போடுறான். அப்ப கொதிகலத்த ஆரோ ஒழுங்காப் பாக்கிறான். அவன் ஆரெண்டு போட்டிருக்கா?" போடவில்லை. பத்திரிகையில் ஆள்பதியின் பெயர் இருந்தது. சுற்றுலாப் பயணிகளின் மகிழ்ச்சி இருந்தது. பயர்மனின் பெயர் இல்லை.

பெயர்ப்பலகையில் நான் ஆள்பதியைக் கண்டேன். மாமா ஆவியில் ஒரு தொழிலாளியைக் கண்டார். ஓடும் எஞ்சினைப் பேணுவதென்றால் குழாய் மாற்றவேண்டும், எரியறைத் தகட்டை ஒட்டவேண்டும், வார்ப்புகள் புதிதாக வார்க்கவேண்டும். சில பத்தாண்டுகளில் பாதி எஞ்சின் புதியதாகிவிடும். அது பழைய எஞ்சின்தானா என்று அருங்காட்சியகத்தார் வாதாடுவதுண்டு. நிற்கும் எஞ்சினில் இரும்பு மிஞ்சுகிறது. ஓடும் எஞ்சினில் தொழில் மிஞ்சுகிறது. எனக்கு இரண்டாவதே பெரிது. மாணவனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும், மறுநாள்தான் கேட்டேன்.

இரண்டாவது விடையை எழுதியவன் படுவான்கரையைச் சேர்ந்தவன். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்து தினமும் பள்ளிக்கு வருபவன். அவனுடைய பாட்டி மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்து, வன்செயலுக்கு அஞ்சிக் கிழக்கே வந்து குடியேறியவர். அவன் தெரிந்த எஞ்சின் அருங்காட்சியகத்தில் இல்லை. எங்குமே இல்லை. 'கறற்' என்ற வகை அது. ஒரே கொதிகலம், அதன் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிச் சக்கரங்கள், நடுவே வளைந்து கொடுக்கும் மூட்டு. ஓர் எஞ்சின் இழுக்க, இன்னோர் எஞ்சின் தள்ள வேண்டியிருந்த மலைப்பாதைக்கு, இரண்டு எஞ்சின்களின் வலுவை ஒன்றிலே அடக்கிக் கொண்டுவந்தார்கள். 1927இல் முதலாவது வந்தது. 1945இல் மேலும் சில வந்தன. பட்டிப்பொலைவரை, கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்துக்கு, ஏறும் அந்தப் பாதையில் அரிசி மேலே போனது. தேயிலைப் பெட்டி கீழே வந்தது. அரிசியைத் தின்று தேயிலையைக் கொய்த மக்களும் அதே பாதையில் வந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபின், அவர்களுட் பெருந்தொகையினர் அதே பாதையால் இறங்கித் தலைமன்னாருக்குப் போனார்கள். கறற் எஞ்சின்கள் ஒன்றுவிடாமல் உடைக்கப்பட்டன.

"இல்லாத எஞ்சினை எப்படிக் காப்பாற்றுவாய்?" என்று ஒருத்தி கேட்டாள். அவன் சொன்னான்: "வெறும் தண்டவாளம் இருபது மீற்றர் போட்டு, அதில ஒண்டும் வைக்காமல் விடவேணும். இஞ்ச இன்னது நிண்டது எண்டு எழுதினாப் போதும்."

உடைத்தது குற்றமென்று நான் சொல்லவரவில்லை. புதிதாகச் சுதந்திரம் பெற்ற வறிய நாடொன்று, இருநூறு தொன் பழைய இரும்பை வெறும் பாசத்துக்காக மழையில் நிறுத்திவைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எல்லா எஞ்சினும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனவா? சரக்கு இழுத்தவை, மலையில் தள்ளியவை, முற்றத்தில் பெட்டி மாற்றியவை முதலில் உலைக்குப் போயின. பெயரும் பித்தளையும் உடையவற்றைக் கேட்பார் இருந்தார்கள். இதிலே யாரும் சதி செய்யவில்லை. கண்ணுக்கு அழகானது தப்பிற்று. அழகைப் பார்த்தவர் யார் என்பதே கேள்வி.

நீராவியை அழகென்று நினைத்தவர்களுள் மாமா இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அன்பளித்த டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின. புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராகப் பதவியேற்ற றம்பாலா நாடெங்கும் டீசலைக் கொண்டுவந்தார். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. மாமாவுக்கு அது தீபாவளி. "உட்காந்திருந்து வேலை செய்யலாம், மறுகா என்ன வேணும்?" என்று கேட்பார். புகையிலே கவிதை கண்டவர்கள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தவர்கள்.

மூன்றாவது விடை அந்தக் கனடா எஞ்சின்களுள் ஒன்று. எழுதியவள், மலைச்சரிவில் என் கையைப் பிடித்துக்கொண்ட அதே பிள்ளை. ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்கற்சுவான் என்று கனடாவின் மாகாணப் பெயர்கள் சூட்டப்பட்ட அந்த வரிசையில் 591ஆம் இலக்கத்துக்கு 'மனிற்றோபா' என்று பெயர். 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன வண்டியை இழுத்தது அதுதான். பெரலியாவில் ஆழிப்பேரலை அந்த வண்டியைப் புரட்டியது. முதல் அலையைக் கண்டு பாதுகாப்பென்று நினைத்து வண்டிக்குள் ஏறிய ஊராரையும் சேர்த்து 1,700க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உலகப் புகையிரத வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. தூக்கி வீசப்பட்ட எஞ்சினைத் தொழிலாளர் மீட்டுத் திருத்தி, அதன் பக்கத்தில் ஓர் அலையை வரைந்து, மறுபடி ஓடவைத்தார்கள். நினைவு நாளில் அது பெரலியாவுக்குப் போய் நின்றிருக்கிறது.

அந்தப் பிள்ளை நாவலடியிற் பிறந்தவள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த அந்தக் கிராமத்தை அதே காலை அலை துடைத்துப்போயிற்று. அவளுக்கு அப்போது ஐந்து வயது. தமக்கையை இழந்து, களுதாவளையில் அம்மம்மா வீட்டில் வளர்ந்தாள். அவளுடைய விடையில் எஞ்சினைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. 'அது அடிபட்ட பிறகும் வேலைக்குப் போகுது' என்று எழுதியிருந்தாள். அதற்குப் புள்ளி இடும் துணிவு எனக்கு இல்லை. தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு பிள்ளைகள் என்னை மடக்கினார்கள். "சேர், நீங்கள் எதை எழுதுவீங்க?"

சொல்கிறேன். 1958 மே மாதம் 22ஆம் நாள் பொலன்னறுவை நிலையத்தில் கோச்சியை மறித்துத் தமிழர் என்று ஐயப்பட்டவர்களைத் தாக்கினார்கள். மறுநாள் இரவு ஏறாவூரை அடுத்த பகுதியில், எங்களவர்கள், கோச்சியைத் தடம்புரளச் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவன் சரித்திரம் சொல்லத் தகுதியற்றவன். அந்த வாரம் மாமா மேற்கே இருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு சரக்கு வண்டியில் பயர்மன். சாரதி சிங்களவர், அவர் பெயரை மாமா மரியாதையோடு 'பாஸ்' என்று மட்டுமே சொல்வார். வழியில் ஒரு நிலையத்தில், கையிற் பொல்லுகளோடு ஒரு கூட்டம் எஞ்சினைச் சூழ்ந்து, உள்ளே தமிழன் இருக்கிறானா என்று கேட்டது. பாஸ் தன் தொப்பியைக் கழற்றி மாமாவின் தலையில் வைத்தார். மாமாவின் முகம் முழுவதும் கரி. பாஸ் சிங்களத்தில் உரத்து ஏசினாராம்: "அடே பண்டா, ஆவி இறங்குது, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், கரியைப் போடு!" மாமா கரியைப் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். கூட்டம் விலகும்வரை ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைத் திருப்பாமல், தேவைக்கு மேலாகவே போட்டாராம். அடுத்த ஏற்றத்தில் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி வீணாகப் பீறிட்டபோது, இருவரும் சிரித்ததாகச் சொல்வார். சொல்லும்போதும் சிரிப்பார்.

நான் காப்பாற்ற விரும்பும் எஞ்சின் அதுதான். நிபுணர் குழு எதுவும் அதைத் தெரிந்தெடுத்திராது. வேகத்தில், பழைமையில், அழகில் அதற்கு எந்தச் சிறப்பும் இல்லை. அதேபோல் பல எஞ்சின்கள் ஓடின. இரண்டு தொழிலாளர் அதன் இரும்புத் தட்டில் நின்று ஓர் இரவைக் கடந்தார்கள் என்பதொன்றே அதன் தகுதி.

அதன் இலக்கம் என்னவென்று பிள்ளைகள் கேட்டார்கள்.

மாமா அதை ஒவ்வொரு முறையும் சொல்வார். கதையைத் தொடங்குவதே இலக்கத்தோடுதான். ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் கிழவர் மறுபடி தொடங்கிவிட்டார் என்று பாதிக் காதோடு கேட்டேன். என் மேசையில் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. உலகத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி அந்த மேசையில் இருந்து எத்தனையோ பக்கம் எழுதினேன். அந்த மூன்று எண்களை எழுதிவைக்கவில்லை. மாமா 2003இல் காலமானார். அவர் கேளாத காதுப் பக்கத்தில் நின்றவன் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னபின், மாணவர் சிலர் தாமாகவே ஒரு காரியம் தொடங்கினார்கள். எங்கள் பகுதியில் புகையிரதத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தார்கள். ஏறாவூரில் ஒரு முஸ்லிம் பெரியவர், ஓட்டமாவடிப் பாலத்தில் கோச்சியும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்ட நாட்களில், தான் படலை மூடித் திறந்த கதையை இரண்டு மணிநேரம் சொன்னார். வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் வந்த பெட்டிகளைக் கணக்கெடுத்த ஒருவர், பெட்டிகளின் இலக்கங்களை இன்னும் மனப்பாடமாக ஒப்புவித்தார். பிள்ளைகள் இம்முறை எழுதிக்கொண்டார்கள். மாமாவின் எஞ்சினை அறிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை.

பள்ளியில் சிறு கண்காட்சி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. மாமாவின் சவள் இருக்கிறதென்று எனக்கு ஞாபகம். ஓய்வுபெற்று வந்தபோது தோளில் வைத்துக் கொண்டுவந்தார். யாரைக் கேட்டுக் கொண்டுவந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமாவின் மகள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் தோட்டத்தில் இருந்தாள். பூவலில் தண்ணீர் அள்ளி வெற்றிலைக்கு ஊற்றி முடித்து, பாத்தியின் ஓரத்தில் சரிந்த மணலை வாரி உயர்த்திக்கொண்டிருந்தாள். கையில் அந்தச் சவள்தான். விளிம்பு நாலு விரல் அளவு தேய்ந்து, பிறை நிலாப்போல் இருந்தது. பிடி புதிது.

"மச்சாள், இத எங்கட பள்ளிக்கூடத்தில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறம்" என்றேன்.

அவள் சவளை மணலில் ஊன்றி, அதன்மேல் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மறுகா நான் எதால மண் போடுற? வாடைக்கு முதல் பாத்தியெல்லாம் உயத்தி முடிக்கோணும். தை பிறக்கட்டும், வந்து கேளுங்க."